வாக்கோவர் கணக்கும் ஹாஜர் ஏடும்: டெல்டா மாவட்டம் ஒன்றின் மகளிர் கால்பந்து லீக், 2017–2024

காவிரி டெல்டாவில் ஒரு மாவட்டத்தில் நடந்த, இன்னும் நடந்துகொண்டிருக்கிற மகளிர் கால்பந்து லீக் ஒன்றின் பதிவு இது. ஊர், பள்ளி, கல்லூரி, ஆட்களின் பெயர்களை விட்டுவிட்டேன். சின்ன ஊர், ஒரு பெயரைச் சொன்னால் மற்ற பத்துப் பெயரும் தானாகத் தெரிந்துவிடும். நான் அப்போது அரசுப் பள்ளி ஒன்றில் உடற்கல்வி ஆசிரியை. லீக் குழுவில் கூட்டக் குறிப்பு எழுதுகிற வேலை என்னுடையது. ஆகவே இதில் வரும் எண்ணிக்கைகள் என் நோட்டில் இருப்பவை. தவறான முடிவுகளிலும் எனக்குப் பங்கு உண்டு.

பின்னணி

இந்தியாவில் பெண்கள் கால்பந்துக்கு 1975-லேயே தனிச் சம்மேளனம் வந்துவிட்டது. அந்த ஆண்டே லக்னோவில் தேசியப் போட்டியும் நடந்தது. கோழிக்கோட்டில் நடந்த ஆசியப் போட்டியில் நம் பெண்கள் இரண்டாம் இடம்வரை வந்தார்கள். ஆனால் அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனம் மகளிர் ஆட்டத்தைத் தன் பொறுப்பில் எடுத்தது 1990-களின் தொடக்கத்தில்தான். அதன்பின் தேசியக் கோப்பை என்றால் பெரும்பாலும் மணிப்பூர் என்றே ஆனது. முதல் இந்திய மகளிர் லீக் 2017 ஜனவரி, பிப்ரவரியில் டெல்லியில் நடந்தபோது அதை வென்றதும் ஒரு மணிப்பூர் கிளப்தான்.

எங்கள் மாவட்டத்தில் அதுவரை பெண்களுக்கு இருந்தது பள்ளிப் போட்டிகள் மட்டும். குறுவட்டம், வருவாய் மாவட்டம், மாநிலம் என்று ஏறிப்போகும் குடியரசு தின விளையாட்டுப் போட்டிகள். எல்லாம் நாக்-அவுட். முதல் ஆட்டத்தில் தோற்ற அணிக்கு அந்த ஆண்டு அந்த ஒரு ஆட்டத்தோடு சரி. ஜூனில் பயிற்சி தொடங்கி, ஒரு பிற்பகலில் எல்லாம் முடிந்து, பிள்ளைகள் பஸ்ஸில் அழுதுகொண்டே திரும்புவதைப் பல வருஷம் பார்த்திருக்கிறேன். தோற்றாலும் அடுத்த வாரம் ஆட ஒரு ஆட்டம் இருக்க வேண்டும். லீக் வேண்டும் என்று நாங்கள் கேட்டதற்கு அது ஒன்றுதான் காரணம்.

குழுவில் ஏழு பேர். பழைய ஆட்டக்காரர்கள் மூன்று பேர், ரெஃப்ரி ஒருவர், கல்லூரி உடற்கல்வி இயக்குநர் ஒருவர், ஜெர்ஸிக்குப் பணம் தந்த துணிக்கடைக்காரர், அப்புறம் நான். பெண் நான் ஒருத்திதான். அது சரியில்லை என்று அன்று எங்களில் யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான்.

முதல் பருவம், 2017

ஆறு அணிகள் சேர்ந்தன: மூன்று பள்ளி, இரண்டு கல்லூரி, ஒரு டவுன் கிளப். ஹாஜர் ஏட்டில் 94 பெயர்கள். ஒவ்வோர் அணியும் மற்ற எல்லா அணிகளோடும் ஒரு முறை ஆட வேண்டும். மொத்தம் 15 ஆட்டங்கள். ஜூலை முதல் செப்டம்பர் வரை சனி, ஞாயிறு பிற்பகல் மூன்றரை மணிக்கு, மாவட்டத் தலைநகரில் இருக்கும் ஒரே கிரவுண்டில்.

பதினைந்தில் நான்கு ஆட்டங்கள் வாக்கோவர், அதாவது ஆடாமலே எதிரணிக்கு வெற்றி. அணி வரவில்லை, அல்லது ஆறு பேரோடு வந்து நின்றது. ஏழு பேருக்குக் குறைந்தால் ஆட்டம் தொடங்கக் கூடாது என்பது கால்பந்து விதி. குழுக் கூட்டத்தில் பேச்சு ஒரே திசையில் போனது: "பொம்பளப் பிள்ளைங்களுக்கு ஆர்வம் பத்தல." வாக்கோவர் கொடுத்தால் 500 ரூபாய் அபராதம் என்று தீர்மானம் போட்டோம். அதை நான்தான் எழுதினேன்.

அபராதத் தீர்மானத்துக்கு அடுத்த வாரம் நடந்ததை இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஒரு கல்லூரி அணியின் இடது பேக், இரண்டாம் பாதி தொடங்கிப் பத்து நிமிஷத்தில் அப்படியே மடங்கி உட்கார்ந்தாள். உதடு வெளுத்திருந்தது, கையைத் தொட்டால் சில்லென்று இருந்தது. காலையில் சாப்பிடவில்லையோ என்று குளுக்கோஸ் கரைத்தோம். அவள் வாங்கவே மாட்டேன் என்றாள். நான் பக்கத்தில் குந்தி, "ஏம்மா, குடி, ஒண்ணும் ஆகாது" என்றபோது என் காதருகே சொன்னாள்: "வேணாம் மிஸ். பாத்ரூம் பூட்டியிருக்கு."

கிரவுண்டில் கழிவறை இருந்தது. சாவி வாட்ச்மேனிடம். சனி, ஞாயிறு அவர் வருவதில்லை. கிராமத்திலிருந்து வரும் பெண்கள் பதினோரு மணிக்கு வீட்டைவிட்டுக் கிளம்பி, திரும்பப் போய்ச் சேர ஏழரை ஆகும். இடையில் போக இடமில்லை என்று தெரிந்து காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் வருகிறார்கள். ஆகஸ்ட் வெயிலில் ஓடுகிறார்கள். இரண்டு மாதமாக இது நடந்திருக்கிறது. குழுவில் ஆறு ஆண்களுக்கும் கிரவுண்டின் காம்பவுண்டுச் சுவர் இருந்தது, பிரச்சினை கண்ணில் படவில்லை. நான் பக்கத்துத் தெருவில் உறவினர் வீட்டுக்குப் போய்வந்துகொண்டிருந்தேன். எனக்கும் படவில்லை.

மறுவாரமே சாவிக்கு ஒரு நகல் வாங்கினோம். சொல்ல ரெண்டு வரிதான், ஆனால் அதற்கு மூன்று கடிதமும் நான்கு நடையும் ஆயிற்று.

வெள்ளை ஷார்ட்ஸ்

சாவி கைக்கு வந்தபின் நான் அணிகளின் கேப்டன்களைத் தனியாக உட்கார வைத்துப் பேசினேன். குழு ஆண்கள் இல்லாமல், மரத்தடியில், ஒரு கிலோ வேர்க்கடலையோடு. வாக்கோவருக்கு உண்மையான காரணங்கள் அன்றுதான் வெளியே வந்தன. கடைசி டவுன் பஸ் ஆறு மணிக்கு. ஆட்டம் ஐந்தேகாலுக்கு முடிந்தால் பிடிக்கலாம், ரெஃப்ரி தாமதமானால் முடியாது. பிளஸ் டூ பிள்ளைகளுக்குச் சனிக்கிழமை ஸ்பெஷல் கிளாஸ்.

அப்புறம் யாரும் வாயைத் திறக்காமல் ஒருத்தி மற்றவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் டவுன் கிளப் கேப்டன் சொன்னாள், "மிஸ், ஷார்ட்ஸ் வெள்ளையா இருக்கு." துணிக்கடைக்காரர் எல்லா அணிக்கும் அழகாக இருக்கட்டும் என்று வெள்ளை ஷார்ட்ஸ் தைத்துக் கொடுத்திருந்தார். மாதவிலக்கு நாட்களில் பாதிப் பேர் வயிற்றுவலி என்று சொல்லி வரமாட்டார்கள். ஒரு அணிக்குப் பதினைந்து பேர் இருந்து, நாலு பேர் அப்படி நின்று, மூன்று பேர் கிளாஸில் இருந்தால், மிச்சம் எட்டு. அதில் ஒருத்தி பஸ்ஸைத் தவறவிட்டால் ஏழு, ரெண்டு பேர் தவறவிட்டால் வாக்கோவர். கணக்கு அவ்வளவுதான்.

துணிக்கடைக்காரரிடம் இதை எப்படிச் சொல்வது என்று ரெண்டு நாள் யோசித்தேன். அவர் மனைவியிடம் சொன்னேன். அடுத்த வாரம் கருநீல ஷார்ட்ஸ் மூட்டையாக வந்து இறங்கியது, அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. 2023-ல் இங்கிலாந்து தேசிய மகளிர் அணியே இதே காரணத்துக்காக வெள்ளையிலிருந்து நீல ஷார்ட்ஸுக்கு மாறியது என்று படித்தபோது எங்கள் வேர்க்கடலைக் கூட்டம்தான் ஞாபகம் வந்தது.

ஆட்ட நேரத்தையும் மாற்றினோம். இரு அணிகளும் ரெஃப்ரியும் ஆட்டத்துக்கு முன்பே ஒப்புக்கொண்டு, போட்டி விதியும் இடம் கொடுத்தால், பாதி ஒன்றுக்கு 45 நிமிஷத்தைக் குறைக்கலாம். நாங்கள் 35 ஆக்கினோம். பஸ் பிடிக்க முடிந்தது. அபராதத் தீர்மானத்தை ரத்து செய்தோம். அதுவரை ஒரு ரூபாயும் வசூலாகவில்லை என்பது வேறு விஷயம்.

2018: கட்டக்கும் கஜாவும்

2018 பிப்ரவரியில் ஒடிசாவின் கட்டக்கில் நடந்த தேசிய சீனியர் மகளிர் போட்டி இறுதியில் தமிழ்நாடு மணிப்பூரை 2-1 என்று தோற்கடித்தது. தமிழ்நாட்டுக்கு அதுதான் முதல் பட்டம். அணியில் இருந்த இந்துமதி கதிரேசன் எங்களைப் போலக் கடலோர மாவட்டமான கடலூர்ப் பெண். பத்திரிகையில் வந்த படத்தை வெட்டி நோட்டீஸ் போர்டில் ஒட்டினேன். அதன் பின் "லீக்கில் எங்களையும் சேத்துக்குங்க" என்று போன் வராத நாளில்லை.

ஆறு அணி ஒன்பது ஆனது. இதில் யோசிக்காமல் ஒரு தப்பு செய்தோம். ஆறு அணிக்கு 15 ஆட்டம். ஒன்பது அணிக்கு 36. அணிகள் ஒன்றரை மடங்கு கூடினால் ஆட்டங்கள் இரண்டு மடங்குக்கு மேல் போகும். கிரவுண்டு அதே ஒன்றுதான், வார இறுதியும் அதே ரெண்டு நாள்தான். ஆகஸ்டில் தொடங்கிய பருவம் அக்டோபரிலும் முடியவில்லை. வடகிழக்குப் பருவமழை வந்துவிட்டது. தண்ணீர் தேங்கிய கோல் ஏரியாவில் மரத்தூள் கொட்டி ஆடினோம்.

நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் வேதாரண்யத்துக்கும் நாகப்பட்டினத்துக்கும் இடையில் கரையைக் கடந்தது. டெல்டாக்காரர்களுக்கு அதற்கு மேல் விளக்கம் வேண்டாம். தென்னந்தோப்புகள் ஒரே ராத்திரியில் படுத்துவிட்டன. மின்கம்பங்கள் சாய்ந்து வாரக்கணக்கில் கரண்டு இல்லை. எங்கள் கிரவுண்டில் புதிய மின்கம்பங்களை அடுக்கி வைத்தார்கள், வெளி மாவட்டங்களிலிருந்து வந்த மின்வாரிய ஊழியர்களின் லாரிகள் நின்றன. அதைக் குறையாகச் சொல்லவில்லை. அதைவிட நல்ல உபயோகம் அந்த மாதத்தில் அந்த இடத்துக்கு இருந்திருக்காது.

29 ஆட்டம் முடிந்திருந்தது, ஏழு பாக்கி. பட்டியலில் ஒரு கல்லூரி அணி தன் எட்டு ஆட்டங்களையும் ஆடி 20 புள்ளியுடன் முதலிடம். கடலோர மீனவக் கிராமம் ஒன்றின் அணி ஆறு ஆட்டத்தில் 16. அவர்களுக்கு ரெண்டு ஆட்டம் மிச்சம்; ரெண்டிலும் ஜெயித்தால் 22.

2019 ஜனவரியில் குழு கூடியது. கிரவுண்டு எப்போது கிடைக்கும் என்று சொல்ல ஆளில்லை. கோப்பை செய்து தயாராக இருந்தது. கல்லூரிப் பெண்கள் மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கச் சான்றிதழ் கேட்டார்கள். நிலவரப்படி முதலிடத்தில் இருக்கும் அணியையே சாம்பியன் என்று அறிவிக்கத் தீர்மானம் வந்தது. நான் எதிர்க்கவில்லை. மற்ற எட்டு அணிகளின் பொறுப்பாளர்களும் கூட்டத்துக்கு வந்திருந்தார்கள். கடலோர அணியிலிருந்து யாரும் வரவில்லை. படகு உடைந்து, வீட்டுக் கூரை போய், நிவாரண முகாமிலிருந்து அப்போதுதான் திரும்பியிருந்தவர்கள் எப்படி வருவார்கள்?

அந்த அணியின் கோச் முன்பு மாவட்டத்துக்கு ஆடியவர், கடலுக்குப் போகிறவர். செய்தி தெரிந்து போன் செய்தார். சண்டை போடவில்லை. "கப்பு யாருக்குனாலும் குடுங்க டீச்சர். எங்க புள்ளைங்க கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?" என்றார். 2019-ல் அந்த அணி பெயர் கொடுக்கவில்லை. நான் ரெண்டு முறை நேரில் போனேன். டீ கொடுத்தார்கள், வாஞ்சையாகப் பேசினார்கள், வரமாட்டோம் என்றார்கள்.

2019: ஹாஜர் ஏட்டைப் பிரித்தது

2019 மே மாதம் மதுரையைச் சேர்ந்த சேது எஃப்.சி. லூதியானாவில் மணிப்பூர் போலீஸ் அணியை 3-1 என்று வென்று இந்திய மகளிர் லீக் பட்டத்தைக் கொண்டுவந்தது. வெளியே பார்த்தால் தமிழ்நாட்டுப் பெண்கள் கால்பந்துக்கு இதைவிட நல்ல காலம் இல்லை. எங்கள் பருவமும் எட்டு அணியுடன், 28 ஆட்டமும் குறித்த தேதியில், ஒரே ஒரு வாக்கோவரோடு முடிந்தது. குழு ஆண்டறிக்கையில் "சிறப்பான பருவம்" என்று எழுதினோம்.

எனக்கு உறுத்தியது ஒரு பெண்ணைப் பற்றி. 2017-ல் அதிக கோல் போட்டவள். டவுனில் ஜவுளிக்கடை ஒன்றில் பொங்கலுக்குப் புடவை எடுக்கப் போனபோது கவுண்டருக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். "ஏன்டி வரல?" என்றேன். "ஞாயித்துக்கிழமைதான டீச்சர் கடையில கூட்டம்" என்று சொல்லிக்கொண்டே புடவையை உதறி விரித்தாள்.

வீட்டுக்கு வந்து 2017 ஹாஜர் ஏட்டையும் 2019 ஏட்டையும் பக்கத்தில் வைத்துப் பெயர் பெயராக டிக் அடித்தேன். 94 பேரில் 27 பேர்தான் இன்னும் ஆடுகிறார்கள். அந்த 27-ல் படிப்பு முடித்தவர்கள் ஐந்தே பேர். அணிகளின் எண்ணிக்கை கூடியதும் பெரிதாகக் குறையாததும் ஒவ்வொரு ஜூனிலும் பள்ளி புதுப் பிள்ளைகளைத் தருவதால் மட்டுமே. லீக் நடத்துகிறோம் என்று நினைத்துக்கொண்டு, பள்ளிப் போட்டியைத்தான் சனி ஞாயிறுக்கு இழுத்து நீட்டியிருந்தோம்.

விட்டுப்போன 67 பேரைத் தேட நானும் இன்னொரு பள்ளி ஆசிரியையும் ஒரு மாதம் எடுத்துக்கொண்டோம். 58 பேரைப் பிடித்தோம். வெளியூரில் மேற்படிப்பு 19. கல்யாணம் ஆனவர்கள் 11. பொதுத் தேர்வுக்காக வீட்டில் நிறுத்தியது 7. வேலைக்குப் போனவர்கள் 21. கடைகள், மருந்துக்கடை, திருப்பூர் பனியன் கம்பெனி. கல்யாணம்தான் காரணம் என்று எங்கள் குழுவில் எல்லோரும் அடித்துச் சொல்லிக்கொண்டிருந்தோம். கணக்கு அப்படிச் சொல்லவில்லை. வேலைக்குப் போனவர்கள் அதில் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. வேலைக்குப் போகிறவளுக்குச் சனி, ஞாயிறில் லீக் வைத்தது நாங்கள்.

வீடுகளில் அப்பாக்கள் கேட்டதையும் பதிவு செய்ய வேண்டும்: "இதனால் வேலை கிடைக்குமா?" தமிழ்நாட்டு அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 விழுக்காடு ஒதுக்கீடு உண்டு என்று அவர்களுக்குத் தெரியும். இந்துமதி காவல்துறையில் உதவி ஆய்வாளர் ஆனதும் தெரியும். ஆனால் மாநிலத்துக்கும் தேசத்துக்கும் ஆடியவர்களுக்கு இருக்கும் மதிப்பு மாவட்ட லீக் சான்றிதழுக்கு இல்லை. அதை நான் மழுப்பாமல் சொன்னேன். சிலர் அதன் பிறகு மகளை அனுப்பவில்லை. பொய் சொல்லி அழைத்து வந்திருக்க வேண்டும் என்று இன்றும் நினைக்கவில்லை.

அந்தப் பருவத்தின் கடைசியில் ஒரு பெண்ணுக்கு முழங்காலில் ஏ.சி.எல். தசைநார் கிழிந்தது. யாரும் இடிக்கவில்லை, ஓடிவந்து திரும்பும்போது தானாக மடங்கியது. பெண் ஆட்டக்காரர்களுக்கு இந்தக் காயம் ஆண்களைவிட அதிகம் வரும் என்பது விளையாட்டு மருத்துவத்தில் நெடுநாளாகத் தெரிந்த விஷயம். எங்கள் பயிற்சியில் அதற்கென்று எதுவுமே இல்லை. மைதானத்தை ரெண்டு சுற்று ஓடுவதுதான் வார்ம்-அப்.

2020 ஜனவரி: எடுத்த முடிவுகள்

கூட்டத்தில் ஏட்டையே எடுத்து மேஜையில் வைத்தேன். முதலில், குழுவில் ஏழில் நான்கு பேர் பெண்கள், அதில் இருவர் ஆடுகிறவர்கள் என்று மாற்றினோம். அடுத்தது பெரிய சண்டைக்குரியது: அணி இனி ஊரின் பெயரில். பதிவு ஆட்டக்காரியின் பெயரில். பள்ளியை விட்டாலும் அவள் பெயர் ஏட்டில் இருக்கும். ஒவ்வோர் அணியிலும் படிப்பு முடித்தவர்கள் குறைந்தது நான்கு பேர் இருக்க வேண்டும்.

நோக்கம் எளிது. பள்ளி அணி என்றால் பள்ளி முடிந்த அன்றே அவளுக்கு அணி இல்லாமல் போகிறது. ஊர் அப்படிப் போகாது. பள்ளித் தலைமைகள் ஒப்பவில்லை. வெளி ஆட்களோடு பிள்ளைகளை அனுப்பினால் ஏதாவது ஆனால் யார் பொறுப்பு என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான், எங்களிடம் பதில் அரைகுறையாக இருந்தது. ஒரு தலைமையாசிரியர், "எங்க பிள்ளைங்க ஜெயிச்சா எங்க பள்ளி பேருதான் பேப்பர்ல வரணும்" என்றார். ரெண்டு பள்ளிகள் விலகின.

ஜூலையில் புதிய முறையில் தொடங்கலாம் என்று முடித்தோம். மார்ச் 25 முதல் ஊரடங்கு. அந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் பருவம் இல்லை.

2022: மறுபடியும்

ஐந்து அணிகள் மட்டும் வந்தன. பத்து ஆட்டத்தோடு முடித்துவிடாமல் இரண்டு சுற்று வைத்து 20 ஆக்கினோம். ஏட்டில் 71 பெயர். உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபாவின் 11+ என்ற, காயத்தைத் தடுப்பதற்கான வார்ம்-அப்பை எல்லா அணிக்கும் கட்டாயமாக்கினோம். இருபது நிமிஷம் பிடிக்கும், தனிச் சாமான் எதுவும் வேண்டாம். முதல் மாதம் பெண்கள் சிரித்துக்கொண்டே செய்தார்கள், ரெண்டாம் மாதத்திலிருந்து நாங்கள் சொல்லாமலே செய்தார்கள்.

ஆட்டத்தின் நடுவே வெளியே போனவள் திரும்ப உள்ளே வரலாம் என்ற விதியையும் சேர்த்தோம். அடிமட்டப் போட்டிகளுக்கு இதற்கு இடம் உண்டு. வெயிலுக்காகவும், வேலை முடிந்து பயிற்சி இல்லாமல் வருகிறவர்களுக்காகவும் யோசித்த விதி. அதை முதலில் பயன்படுத்தியவள் 2017-ல் டவுன் கிளப்புக்கு நடுக்களத்தில் ஆடியவள். கல்யாணமாகி, பத்து மாதக் குழந்தையோடு வந்தாள். ஆட்டத்துக்கு முன்னால் என்னிடம் வந்து, "அக்கா, பிள்ளை அழுதா அஞ்சு நிமிஷம் வெளிய போய்ட்டு வரலாமா?" என்றாள். அவள் வீட்டுக்காரர் ஆட்டோவை கோல் போஸ்டுக்குப் பின்னால் நிறுத்தி, குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தார். இருபத்தேழாம் நிமிஷம் அவள் ரெஃப்ரியைப் பார்த்துக் கையைத் தூக்கினாள். ஆட்டோவின் பின் சீட்டில் பால் கொடுத்துவிட்டு, ஸ்டாக்கிங்ஸை இழுத்துவிட்டுக்கொண்டு திரும்ப வந்தாள். குழந்தை அதன் பிறகு பயிற்சிக்கு வைக்கும் ஆரஞ்சு நிறக் கோன் ஒன்றைக் கடித்துக்கொண்டு பெஞ்சில் இருந்தது.

அந்த ஆகஸ்டில் ஃபிஃபா இந்தியக் கால்பந்தைப் பத்துப் பன்னிரண்டு நாள் இடைநீக்கம் செய்தது. தாஷ்கண்ட்டுக்கு ஆசிய கிளப் போட்டி ஆடப் போயிருந்த கோகுலம் கேரளா மகளிர் அணி ஆடாமலே திரும்ப நேர்ந்தது. "நம்ம லீக்கும் நிக்குமா டீச்சர்?" என்று எங்கள் பெண்கள் கேட்டார்கள். நம்மைத் தடைசெய்யும் அளவுக்கு நாம் பெரிய ஆள் இல்லை என்றேன்.

2023, 2024

2023 ஜூனில் அமிர்தசரஸில் ஹரியானாவை வென்று தமிழ்நாடு மீண்டும் தேசியப் பட்டம் எடுத்தது. 2018 போலவே போன்கள் வந்தன. இந்த முறை ஆண்டுக்கு ஒரு புதிய அணிக்கு மேல் சேர்ப்பதில்லை என்று நின்றோம். 2023-ல் ஆறு அணி, 2024-ல் ஏழு. மழைக்கு முன் செப்டம்பரில் முடித்தோம். மூன்று பருவத்திலும் சேர்த்து வாக்கோவர் இரண்டு.

2022 ஏட்டில் இருந்த 71 பேரில் 44 பேர் 2024-லும் ஆடினார்கள். 2017-ல் இருந்து 2019-க்கு வந்தவர்கள் 94-க்கு 27 என்று மேலே சொன்னேன். வித்தியாசம் பெரிதுதான், ஆனாலும் முழுப் பெருமையையும் புதிய விதிக்குக் கொடுக்க மாட்டேன். கொரோனாவுக்குப் பிறகு வந்தவர்கள் எப்படியும் ஆடுவது என்று இருந்தவர்கள். சும்மா வந்து பார்க்கிறவர்கள் முதலிலேயே குறைந்துவிட்டார்கள். அணிகளும் குறைவு. பத்து வருஷ ஏடு சேர்ந்த பிறகு பார்த்தால்தான் சரியாகத் தெரியும்.

கடைகளில் வேலை பார்க்கிறவர்களுக்கு வாரநாளில் முறை வைத்து லீவு வருகிறது. அவர்களுக்காக 2024-ல் ஆறு செவ்வாய்க்கிழமை மாலைகளில், விளக்கு உள்ள வாடகை டர்ஃப்பில் (செயற்கைப் புல் திடல்) அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் ஆட்டங்கள் வைத்துப் பார்த்தோம். மூன்று வாரம் நடந்தது, மூன்று வாரம் ஆள் சேரவில்லை. ஒன்பதரைக்கு முடிந்தால் வீட்டுக்கு எப்படிப் போவது என்ற இடத்தில் நிற்கிறது.

மாற்றிச் செய்வதானால்

கேப்டன்களோடு அந்த வேர்க்கடலைக் கூட்டத்தை அபராதத் தீர்மானத்துக்கு முன்னால் வைத்திருப்பேன். முதல் ஆட்ட அட்டவணை போடும் முன்பே வைத்திருக்க வேண்டியது. சாவியும் ஷார்ட்ஸும் பஸ்ஸும் ஒரே மாலையில் தெரிந்திருக்கும்.

ஹாஜர் ஏட்டை 2018 முடிவிலேயே ஒப்பிட்டிருந்தால் ஒரு வருஷம் மிச்சமாகியிருக்கும். புள்ளிப் பட்டியலை வாரா வாரம் திருத்தி ஒட்டினோம், ஏட்டை அலமாரியில் வைத்துப் பூட்டினோம். இப்போது ஒவ்வொரு பருவ முடிவிலும் யார் வரவில்லை என்று பார்த்து, அந்த வாரமே போன் போடுகிறோம்.

பள்ளிகளின் பொறுப்புக் கேள்விக்கு, பெற்றோர் ஒப்புதல், விபத்துக் காப்பீடு, கூட வரும் பெரியவர் யார் என்பதையெல்லாம் தாளில் எழுதிக்கொண்டு கூட்டத்துக்குப் போயிருக்க வேண்டும். விலகிய பள்ளிகளில் ஒன்று இன்னும் திரும்பவில்லை.

2018-ன் சாம்பியன் அறிவிப்பைத் திரும்பப் பெற வேண்டுமா என்று 2023-ல் புதிய குழுவில் பேச்சு வந்தது. அந்தக் கல்லூரிப் பெண்கள் ஆடி வாங்கிய 20 புள்ளியைப் பறிக்க யாருக்கும் மனம் வரவில்லை. அவர்கள் செய்த தப்பு எதுவும் இல்லை. கிரவுண்டு அறையில் இருக்கும் பலகையில் அந்த வரியின் கீழே இரண்டு வரி சேர்த்து எழுதச் சொன்னோம்: கஜா புயலால் ஏழு ஆட்டங்கள் நடக்கவில்லை, இரண்டாம் இடத்து அணிக்கு இரண்டு ஆட்டங்கள் பாக்கி இருந்தன. எழுதியவர் அந்தக் கடலோர அணியின் பெயரில் ஒரு எழுத்தைத் தப்பாகப் போட்டுவிட்டார், பிறகு சுரண்டித் திருத்தினோம். அந்த அணி திரும்ப வரவில்லை. அதில் ஆடிய இருவர் 2024-ல் பக்கத்து ஊர் அணியில் பெயர் கொடுத்திருக்கிறார்கள். கோச்சுக்கு இந்த வருஷமும் போன் செய்தேன். கடலில் இருந்தார், எடுக்கவில்லை.